ஆடிக் காலி, ஆபீஸ் காலி

பெரம்பலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஒரு டீ குடித்து, இரண்டு தெரு நடப்பதற்குள் 'வீடு வாடகைக்கு' என்று எழுதிய அட்டைகள் பதினேழு எண்ணிவிட்டேன். காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக் கேட்டில் தொங்கவிட்டது, சுவரிலேயே கரியால் எழுதியது, சிலேட்டில் எழுதி ஜன்னலில் சாத்தியது. பதினெட்டாவதைப் பார்த்ததும் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். இத்தனை வீடு பூட்டிக் கிடக்கிற ஊரில் நான் ஒன்றை வாங்கி யாருக்கு வாடகைக்கு விடுவது?

என்கூட வந்திருந்த அண்ணி, அதாவது என் அண்ணன் மனைவி, நிதானமாக வெற்றிலையை மென்றுகொண்டு வந்தார்.

"நல்லாப் பாத்துக்க தனம். நீ வூடு வாங்குனீன்னா எலிக்கும் பல்லிக்கும்தான் வாடகைக்கு வுடணும். அதுங்க மாசம் பொறந்தா ஒழுங்கா குடுக்குமான்னு கேட்டுக்க."

அது 2002ஆம் வருஷம், ஆடி மாதம். மஸ்கட்டில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்த நான் லீவில் வந்திருந்தேன். அந்த வீட்டில் பதினோரு பேருடைய துணியை ஒன்பது வருஷம் துவைத்து இஸ்திரி போட்டதில் சேர்ந்த காசு, ஒரு சின்ன வீடு வாங்கக் காணும். தப்பாக வாங்கிவிட்டு இன்னொன்று வாங்கக் காணாது. கட்டியவர் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம். பிள்ளை இல்லை. லீவில் வந்தால் மீன்சுருட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற அண்ணன் வீட்டில்தான் பெட்டியை இறக்க வேண்டும்.

அண்ணனும் அந்தக் காசுக்கு ஒரு வழி வைத்திருந்தார். ஊரிலேயே ஒன்றரை ஏக்கர் நிலம் விலைக்கு வந்திருந்தது. எங்கள் வகையறாவில் யார் பேரிலும் ஒரு குழி நிலம் இருந்ததில்லை. எல்லாரும் அடுத்தவர் வயலில் நட்டுக் களையெடுத்துப் போய்ச் சேர்ந்தவர்கள். அதனால் அண்ணன் ஆசைப்பட்டதில் தப்பு இல்லை. ஆனால் நிலத்தில் விளைவது அண்ணன் வீட்டுக் குதிருக்குப் போகும். நான் வேலையை விட்டு வந்தால் அந்த வீட்டில் ஒரு ஓரமாகச் சோறு தின்னலாம். வாடகை வருகிற வீடு இருந்தால் என் சோற்றை நானே பொங்கித் தின்னலாம். ஆடி இருபத்தெட்டாம் தேதி எனக்குத் திரும்ப விமானம். அதற்குள் வீடு அமையாவிட்டால் காசு நிலத்துக்கு என்று வீட்டில் பேச்சு முடிந்திருந்தது. அண்ணி துணைக்கு வந்தாரா, கண்காணிக்க வந்தாரா என்று நான் கேட்கவில்லை.

ஜெயங்கொண்டத்தை முதலிலேயே விட்டாயிற்று. அந்தப் பக்கம் நிலக்கரிக்கு நிலம் எடுக்கப் போகிறார்கள் என்ற பேச்சு ஓயவே இல்லை. மிச்சம் பெரம்பலூர், அரியலூர் இரண்டுதான்.

ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். புரோக்கர் பேசுகிற சதுர அடிக் கணக்கு எனக்குப் பிடிபடாது. துணி தெரியும். கொடியில் காய்கிற துணியைப் பார்த்தால் அந்த வீட்டில் எத்தனை பேர், என்ன வேலை, சம்பளம் மாதத்துக்கா வாரத்துக்கா என்று முக்கால்வாசி சொல்லிவிடுவேன். அதனால் கொடிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பெரம்பலூர்க் கொடிகளில் நர்ஸ் படிக்கிற பெண்களின் வெள்ளைக் கோட்டு, டிரைவர்களின் காக்கி, வாத்தியார்களின் வேட்டி, எல்லாம் இருந்தன. குடியிருக்க ஆள் இருக்கிறது. அப்புறம் ஏன் இத்தனை அட்டை?

பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஓட்டலில் பொங்கல் வடை சாப்பிட்டோம். பொங்கலில் மிளகை முழுசாகப் போட்டிருந்தார்கள். மஸ்கட்டில் நான் சமைக்கும்போது மிளகைப் பொடித்துத்தான் போடுவேன், முழு மிளகைப் பார்த்தால் அந்த வீட்டுப் பிள்ளைகள் பூச்சி என்று ஒதுக்கிவிடும். அண்ணியிடம் இதைச் சொன்னேன். பூச்சி என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்பது வருஷம் சோறாக்கிப் போட்டிருக்கிறாயே என்றார்.

வீடு வாங்க வந்திருக்கிறோம் என்றால் விலையை ஏற்றுவார்கள், வாடகைக்குக் கேட்பதுபோல் கேட்போம் என்பது அண்ணியின் யோசனை. அப்படியே ஒரு பச்சை கேட்டுக்குள் போனோம். வீட்டுக்கார அம்மா சாவியை எடுக்குமுன் எந்த ஊர் என்று கேட்டார். மீன்சுருட்டிப் பக்கம் என்றேன்.

"அங்க எந்தத் தெரு?"

இந்தக் கேள்வி எதற்கு என்று எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அண்ணி வாயைத் திறக்குமுன் நான் சொன்னேன்.

"நான் இருக்கறது மஸ்கட்டுங்க. ரூவி ஹைஸ்ட்ரீட்டு."

அந்த அம்மா சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். ரூவியில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. வாடகை அறுநூறு என்றார். அப்புறம் எதற்கும் வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டார்.

வெளியே வந்ததும் அண்ணி கேட்டார். "ஏன் தனம், அந்த ரூவித் தெருவுல நம்மாளுங்க இருக்காங்களா?"

"எல்லாருமே இருக்காங்க அண்ணி. பூராப் பேரும் வேலைக்காரங்கதான்."

துறையூர் ரோட்டுப் பக்கம் ஒரு புங்கமரத்தடியில் இஸ்திரி வண்டி நின்றது. கரிப்பெட்டி. ஐம்பது வயதுக்காரர் ஒருவர் ஒரு பேண்ட்டை மடிப்புக் குலையாமல் திருப்பிக்கொண்டிருந்தார். அவர் திருப்பிய விதத்தைப் பார்த்ததும் எனக்கு நின்று பேசலாம் என்று தோன்றியது. காலரை உள்பக்கம் முதலில் தேய்ப்பீர்களா, வெளிப்பக்கம் முதலிலா என்று கேட்டேன். உள்பக்கம்தான், வெளிப்பக்கம் முதலில் தேய்ப்பவன் தொழில் தெரியாதவன் என்றார். அதன் பிறகு அவர் என்னை அந்நிய ஆளாக நினைக்கவில்லை. உண்மையைச் சொன்னேன். வீடு வாங்க வந்தேன், பதினெட்டு அட்டை பார்த்தேன், பயமாக இருக்கிறது என்றேன்.

அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"என்னம்மா நீங்க, அட்டைய எண்ணிக்கிட்டு. ஆடில எவன் வூடு மாறுவான்? காலி பண்றவன் ஆனிலயே பண்ணிட்டான். புதுசா வர்றவன் ஆவணி பொறந்துதான் பால் காய்ச்சுவான். நடுவுல ஒரு மாசம் எல்லா வூடும் இப்பிடித்தான் தொங்கும்."

நானும் அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆடியில் கல்யாணம் கிடையாது, புதுவீடு புகுவது கிடையாது என்பது எங்களுக்குத் தெரியாதா? ஊரெல்லாம் அம்மன் கோயில் ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. ஆனால் ஐந்நூறு ரூபாய் வாடகை வீட்டுக்கும் அதே சட்டம்தான் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? எங்கள் வகையறாவில் யாரும் வாடகைக்கு இருந்ததில்லை, யாரும் வீடு மாறியதும் இல்லை. பிறந்த குடிசையைத் திருத்திக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்தவர்கள். வாடகைக்காரர்கள் எந்த மாதத்தில் நகர்வார்கள் என்று தெரியாமலே நான் வாடகைத் தொழிலுக்கு வந்திருந்தேன்.

தேய்க்கத் துணி போடுகிற இருபத்தாறு வீடு தன் கையில் இருப்பதாக இஸ்திரிக்காரர் சொன்னார். எந்த வீட்டில் துணி மூட்டை நின்றுபோனாலும் அடுத்த மாதம் வேறு பேரில் மூட்டை வந்துவிடுமாம். அந்தத் தெருக்கோடியில் ஒரு ரிட்டயர்ட் கண்டக்டருக்குச் சின்ன வீடு ஒன்று இருக்கிறது, விற்கப்போவதாகக் கேள்வி என்றும் சொன்னார்.

அன்று ராத்திரி அண்ணியின் சித்தி மகள் வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் காலையில் கண்டக்டரைப் பார்த்தோம். வீடு எனக்குப் பிடித்திருந்தது. ஒரு அறை, ஒரு கூடம், ஓடு இல்லை, தளம் போட்ட வீடு. தண்ணீர்தான் நான்கு நாளைக்கு ஒரு தரம் வரும் என்றார். அதை நினைத்துக் கொஞ்சம் கவலைப்பட்டேன். தொட்டி பெரிசாக இருந்ததால் கவலையைக் குறைத்துக்கொண்டேன். விலையும் கைக்கு எட்டியது. பையிலிருந்து அட்வான்ஸை எடுத்தேன்.

கண்டக்டர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஆடில நான் கை நீட்ட மாட்டேம்மா. ஆவணி ஒண்ணாந்தேதி வாங்க, மொத ஆளு நீங்கதான்."

ஆவணி ஒன்றாம் தேதி நான் மஸ்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருப்பேன் என்று சொன்னேன். நூற்றியொரு ரூபாயாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். ஒரு ரூபாய் வாங்கினாலும் வாங்கினதுதானே என்றார். அவருடைய பெரிய மகளுக்கு ஆடியில் பேசி முடித்த ஒரு காரியம் கெட்டுப்போயிருக்கிறது. என்ன காரியம் என்று சொல்லவில்லை. மரியாதையாக இரண்டு பேருக்கும் மோர் கொடுத்தார்.

அண்ணனிடம் காசைக் கொடுத்துவிட்டுப் போய், ஆவணியில் அவரைப் பத்திரம் எழுதச் சொல்லலாம். அதை நான் யோசிக்காமல் இல்லை. அண்ணன் கெட்டவர் கிடையாது. ஆனால் அந்த ஒன்றரை ஏக்கர் அவர் கண்ணிலேயே நிற்கிறது. காசை மடியில் வைத்துக்கொண்டு அந்த வரப்பைத் தாண்டிப் பெரம்பலூர் பஸ் ஏற அவரால் முடியாது. இதை அண்ணியிடம் சொல்ல முடியுமா? சொல்லாமலே அண்ணிக்கும் தெரியும்.

மூன்றாம் நாள் அரியலூர் பஸ். பாதி வழியில் ஒரு ஊரில் கூழ்க்குடம் எடுத்து வந்த கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டது. பஸ் முக்கால் மணி நேரம் நின்றது. பின்னால் லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. எங்கள் பஸ் கண்டக்டர் இறங்கிப் போய் மூன்று சொம்பு கூழ் குடித்துவிட்டு, எல்லாரும் போய்க் குடியுங்கள், புளிப்பு நன்றாக இருக்கிறது என்று கூப்பிட்டார். பாதி பஸ் காலியானது. நானும் குடித்தேன். சின்ன வெங்காயம் கடித்துக்கொள்ளக் கொடுத்தார்கள். மஸ்கட்டில் இப்படி ரோட்டை மறித்தால் போலீஸ் வரும். இங்கே ஒரு போலீஸ்காரர் சொம்பைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்.

அரியலூர் அந்த வருஷம்தான் மாவட்டம் என்ற பேரை இழந்திருந்தது. ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே தனி மாவட்டமாக இருந்துவிட்டு, நான் வருவதற்கு நான்கு மாதம் முன்னால் பெரம்பலூரோடு திரும்பவும் சேர்த்துவிட்டார்கள். மாவட்டம் என்று எழுதிய போர்டுகளில் அந்த ஒரு வார்த்தையை மட்டும் பெயிண்ட்டால் அடித்திருந்தார்கள். சில கடைக்காரர்கள் அடிக்கவில்லை. திரும்ப வரும், எதற்குப் பெயிண்ட்டை வீணாக்குவது என்று ஒரு டீக்கடைக்காரர் சொன்னார். கடை மேசையை அவர் துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் சாம்பல் நிறத்தில் தூசி படிந்தது. லாரித் தூசி, சிமெண்டுத் தூசி. வேப்பமரத்துக் காற்றும் வறண்டுதான் வந்தது.

இங்கேயும் அட்டைகள். பதினொன்று வரை எண்ணினேன். இந்தத் தடவை நான் பயப்படவில்லை. ஆடிதானே என்று அண்ணியிடம் தெரிந்தவள்போல் சொன்னேன். ரயில்வே ஸ்டேஷன் போகிற வழியில் ஒரு அம்மா இஸ்திரி வண்டி வைத்திருந்தார். அவரிடமும் அதையே சொன்னேன். அவர் சிரித்தார்.

"பாதி ஆடிக் காலி, பாதி ஆபீஸ் காலி. ஆடிக் காலி ஆவணில ரொம்பிடும். ஆபீஸ் காலி எப்ப ரொம்பும்னு கெவருமெண்ட்டைத்தான் கேக்கணும்."

மாவட்டமாக இருந்தபோது ஒரு நாளைக்கு நாற்பது வெள்ளைச் சட்டை வருமாம். ஆபீசர், கிளார்க், ஜீப் டிரைவர் என்று எல்லாரும் இங்கே குடிவந்தார்கள். அந்த நம்பிக்கையில் ஒரு தெரு முழுக்க மாடி வைத்துக் கட்டினார்கள். இப்போது அந்தத் தெருவிலிருந்து இரண்டு மூட்டைதான் வருகிறது.

எந்தத் தெரு என்று கேட்டேன். கையைக் காட்டினார். அந்தத் தெருவின் அட்டைகளைத்தான் நான் முதலில் எண்ணியிருந்தேன். அங்கே ஒரு மாடி வீட்டின் கீழ்ப் போர்ஷனை, விலை குறைவு என்று, மனதில் குறித்தும் வைத்திருந்தேன்.

மூட்டை நிற்காத பக்கம் எது என்று கேட்டேன். ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் என்றார். ரயில்வே ஆட்கள், ஷிப்டுக்குப் போகிற ஆட்கள், மாவட்டம் வந்தாலும் போனாலும் அங்கே குறைவதில்லை. நீலச் சட்டைதான், வெள்ளை கிடையாது, ஆனால் மூட்டை தவறாது. அந்தப் பக்கம் ஒரு டீச்சரம்மா வீடு விலைக்கு இருக்கிறது, டீச்சர் வரதராஜன்பேட்டையில் இருக்கிறார் என்றும் சொன்னார்.

பூட்டியிருந்த வீட்டைச் சுற்றி வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தோம். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, அடிபம்பு. கொல்லையில் வெறும் கொடி. கொய்யா இலையில் விரலால் பேர் எழுதலாம், அவ்வளவு தூசி. வாசல்படி ஒடுக்கமாக இருந்தது. பெரம்பலூர் வீட்டைவிடப் பழசு. தண்ணீர் மட்டும் பம்பு அடித்த உடனே வந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வரதராஜன்பேட்டைக்குப் போகிற பஸ் ஜெயங்கொண்டம் தாண்டியதும் டயர் வெடித்து நின்றது. ஸ்டெப்னியும் காற்றில்லாமல் இருந்ததால் டிரைவர் யாரையும் திட்டாமல் புளியமரத்தடியில் படுத்துவிட்டார். வைக்கோல் ஏற்றப் போன டிராக்டர் ஒன்றில் ஏறிக்கொண்டோம். அண்ணி டிரெய்லர் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, மஸ்கட் சம்பாத்தியக்காரி என்னை எதில் ஏற்றுகிறாள் பாருங்கள் என்று டிரைவரிடம் முறையிட்டுக்கொண்டே வந்தார்.

ஊர் நடுவில் பெரிய மாதா கோயில், வேதக்காரர்களுடையது. டீச்சர் எழுபது வயதுக்காரர், பேர் ஆரோக்கியமேரி. அடுப்பில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை அவர்கள் கறி சாப்பிட மாட்டார்கள், மீன்தான். அண்ணிக்கு ஆடி வெள்ளி, மீன் வாசமே ஆகாது. வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போகிறோம் என்றார். டீச்சர் விடவில்லை. அண்ணிக்குத் தயிரும் ஊறுகாயும் வைத்தார். எனக்கு மீன் குழம்பு ஊற்றினார். நான் சாப்பிட்டேன். அண்ணி என் தட்டைப் பார்க்காமல் சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

மகள் வீட்டோடு போகப்போவதாகவும், அதனால்தான் அரியலூர் வீட்டை விற்பதாகவும் டீச்சர் சொன்னார். பெரம்பலூர்க் கண்டக்டர் கேட்ட விலையைவிடக் கொஞ்சம் குறைவு. நான் பையைத் திறக்காமலே கேட்டேன்.

"டீச்சர், ஆவணிலதான் அட்வான்ஸ் வாங்குவீங்களா?"

"எதுக்கு?"

"இப்ப ஆடிங்களே."

"எங்களுக்கு ஆடியும் கெடையாது, மார்கழியும் கெடையாது. ஞாயித்துக்கெழம மட்டும் வேணாம், பூசை இருக்கு. மத்தபடி நீ இன்னிக்குக் குடுத்தாலும் வாங்கிக்கறேன்."

இத்தனை நாள் ஆள் கிடைக்கவில்லை என்று கவலைப்பட்டேன். ஆள் கிடைத்ததும் அதைவிடக் கவலையாக இருந்தது. அண்ணி என் முழங்கையைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனார்.

"அவங்களுக்கு ஆடி இல்ல. உனக்கு இருக்குல்ல?"

திரும்பி உள்ளே போனேன். யோசித்துச் சொல்கிறேன் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டோம்.

சனிக்கிழமை. கல்லங்குறிச்சிப் பெருமாளைப் பார்க்காமல் ஒரு முடிவும் எடுக்கக்கூடாது என்று அண்ணி சொல்லிவிட்டார். கூட்டம் நெரிந்தது. ஜனங்கள் நெல்லும் கம்பும் மூட்டையாகக் கொண்டுவந்து காணிக்கை கொட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். இந்தப் பெருமாள் ஆடியில் வாங்கிக்கொள்கிறார். மஸ்கட்டில் ஒன்பது ஆடியிலும் எனக்குச் சம்பளம் வந்தது, நானும் வாங்கிக்கொண்டேன், அண்ணனுக்கு அனுப்பினேன், அண்ணனும் வாங்கிக்கொண்டார். கொடுப்பதற்கு மட்டும் எப்படி ஆடி குறுக்கே வரும்? இதை அண்ணியிடம் சொன்னேன். அண்ணி கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவள் ஆறாவதோடு நின்றுவிட்டாய் என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆனாலும் எனக்குப் பெரம்பலூர் வீட்டின் மேல்தான் ஆசை. இருபத்தாறு மூட்டை இருக்கிற தெரு அது. அரியலூரில் தூசி, பழைய வீடு, நீலச் சட்டைகள். டிக்கெட் தேதியை மாற்றினால் கண்டக்டர் வீடு கிடைக்கும், மஸ்கட் வேலை போகும். வேலை போனால் ரிப்பேர் பார்க்கவும் சுண்ணாம்பு அடிக்கவும் காசு ஏது? நல்ல ஊரில் கிடைக்காத வீட்டைவிட, சுமாரான ஊரில் மூட்டை நிற்காத தெருவில் கிடைக்கிற வீடு மேல் என்று பஸ்ஸில் வரும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சரியான கணக்கா என்று இன்றைக்கும் தெரியாது. திங்கட்கிழமை டீச்சரிடம் அட்வான்ஸைக் கொடுத்தேன்.

ரிஜிஸ்தர் ஆபீஸ் ஆடி மாதத்தில் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் யாராவது போய்ப் பார்க்கலாம். பெஞ்சில் நாய் படுத்திருந்தது. பத்திரம் எழுதுகிற மூன்று பேரும் ஒரே பேப்பரைப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் மூன்று பேரும் எழுந்தார்கள். வழக்கமாக அரைநாள் ஆகிற வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. உள்ளே இருந்த கிளார்க் என் நெற்றியைப் பார்த்தார், டீச்சர் கழுத்தில் இருந்த சிலுவையைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் எங்கள் இரண்டு பேருடைய பெருவிரலிலும் மை தடவினார்.

அண்ணன் வந்திருந்தார். சாட்சிக்குக் கையெழுத்துப் போட வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். மூன்றெழுத்துப் பேரை எழுத அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார். எழுதி முடித்ததும் பேனாவை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, குத்தகை வயலுக்கு உரம் வாங்க வேண்டும் என்று ஜெயங்கொண்டம் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மஸ்கட்டுக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் இருந்தது. நானும் அண்ணியும் அரியலூர் வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தோம். ஆவணியில்தான் ஆள் வரும், அதுவரை பூட்டிவைத்து, வாடகைக்கு விடுகிற பொறுப்பை அண்ணியிடம் விட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு. அண்ணி பொறுப்பை எடுத்துக்கொள்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வாளியை இழுத்து இழுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

வாசலில் ஒருவர் வந்து நின்றார். முப்பது வயது இருக்கும், நீலச் சட்டை, கையில் ரயில்வேக் கொடி சுருட்டியிருந்தது. இஸ்திரிக்கார அம்மா அனுப்பியதாகச் சொன்னார். பேர் சாகுல் அமீது. மாற்றலாகி வந்து ஒன்பது நாளாக ஸ்டேஷனிலேயே படுக்கிறார். சம்சாரத்தையும் பிள்ளையையும் கூட்டிவர வேண்டும். எங்கே போய்க் கேட்டாலும் ஆவணியில் வாருங்கள் என்கிறார்கள்.

"ஆடி பாத்தா ட்ரான்ஸ்ஃபர் ஆர்டர் போடுறான்? நமக்கு அதெல்லாம் கெடையாதுங்க. இன்ஷா அல்லா, நாளைக்கே வந்துடுறேன். வாடகை எவ்ளோங்க?"

ஐந்து நாள் நான் ஊர் ஊராகப் போய் எல்லாரிடமும் கேட்ட கேள்வி. என்னிடம் யாரும் கேட்டதில்லை. ஐந்நூறு என்று சொல்லலாம் என்று மனதில் வைத்திருந்தேன். ஐந்நூறு அதிகமோ என்று தோன்றியது. அவருக்கு ஒரு பிள்ளை வேறு இருக்கிறது. தூசி வேறு. சுவரில் மேல்பக்கம் ஒரு விரிசல் இருக்கிறது, அதைச் சொல்ல வேண்டுமா? நிமிர்ந்து அந்த விரிசலைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அண்ணி துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"எண்ணூறு. கரண்ட்டு தனி. மூணு மாசம் அட்வான்ஸு. பம்புல தண்ணி வத்தவே வத்தாது, அடிச்சிப் பாத்துக்கங்க. ஆணி அடிக்கறதுன்னா என்னையக் கேட்டுட்டு அடிக்கணும்."

அவர் எழுநூறு என்றார். அண்ணி துடைப்பத்தைக் குனிந்து எடுத்தார். எண்ணூறே சரி என்றார் அவர். மாதம் பிறந்தால் ஐந்தாம் தேதி தானே வந்து வாங்கிக்கொள்வதாக அண்ணி சொன்னார். மீன்சுருட்டியிலிருந்து ஒரு பஸ் மாறினால் போதும், இது என்ன தூரம் என்றார். என் பேரைச் சொல்லி, ரசீது தன் நாத்தனார் பேரில்தான் இருக்கும், அவள்தான் வீட்டுக்காரி என்றும் சொன்னார். நான் கழுவின தரையில் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.

போகும்போது சாகுல் அமீது வாசல்படியை ஜாணால் அளந்து பார்த்தார். சம்சாரம் வீட்டில் கொடுத்த கட்டில், தேக்கு, அகலமானது, இந்த வாசலில் நுழையாது போலிருக்கிறதே என்றார். கழற்றிக் கொண்டுபோய் உள்ளே மாட்டிக்கொள்ளுங்கள் என்று அண்ணி சொன்னார். கழற்றி மாட்டினால் ஆடுமே என்று அவர் சொல்லிக்கொண்டே போனார்.

விமானத்தில் ஏறியும் எனக்கு நிலத்தைப் பற்றியோ மாவட்டத்தைப் பற்றியோ நினைப்பு வரவில்லை. அந்தக் கட்டில் ஆடுமா, ஆடினால் காலுக்கு எதைக் கொடுத்து நிறுத்துவார்கள், அதற்காக வாடகையில் பிடித்துக்கொள்வார்களா என்று மஸ்கட் போய்ச் சேரும்வரை கவலைப்பட்டுக்கொண்டே இருந்தேன்.